தண்ணீர் குடிக்காத எஞ்சின்

கட்டின புருஷன் பெயரை வாயால் சொல்லும் வழக்கம் எங்கள் குடும்பத்தில் கிடையாது. ஊரார் அவரை வேதாந்தம் என்று கூப்பிடுவார்கள். மகாபலிபுரத்துப் பெருமாள் கோயில் மடப்பள்ளியில் முப்பது வருஷமாக அடுப்பு மூட்டிப் பிரசாதம் செய்கிறவர். நான் 'இவர்' என்று சொன்னால் அவரைத்தான் சொல்கிறேன் என்று எடுத்துக்கொள்ளுங்கள். என் பெயர் ரங்கநாயகி. அதைச் சொல்வதில் எனக்கு ஒரு தடையும் இல்லை.

இவருக்கு ரயில் பைத்தியம். பேச்சுக்குச் சொல்லவில்லை, நிஜப் பைத்தியம். எங்கள் ஊரில் ரயில் இருந்தாலாவது பரவாயில்லை. கிழக்கே கடல், மேற்கே கால்வாய், நடுவில் பாறைகளும் சவுக்குத் தோப்பும். ஒரு ரயிலைக் கண்ணால் பார்க்க வேண்டுமென்றால் திருக்கழுக்குன்றம் வழியாகப் பதினெட்டு மைல் பஸ்ஸில் குலுங்கிக்கொண்டு செங்கல்பட்டுக்குப் போக வேண்டும். மாதாமாதம் அமாவாசைக்கு மறுநாள் மடப்பள்ளிக்கு மிளகும் வெல்லமும் பெருங்காயமும் வாங்க இவர் போவார். காலை பஸ்ஸில் போனால் சாயங்காலம் கடைசி பஸ்ஸில்தான் வருவார். மிளகு வாங்க இத்தனை நேரமா என்று கேட்டால், நயம் சரக்காகப் பார்த்து வாங்க வேண்டாமா என்பார். வேட்டி துவைக்கிறவளுக்குத் தெரியாதா? வேட்டி முழுக்கக் கரித்தூள்.

கல்யாணமான புதிதில் நான் வேறு மாதிரி நினைத்துக்கொண்டேன். செங்கல்பட்டுக்குப் போய்த் திரும்பினால் இரண்டு நாளைக்கு மனுஷர் இந்த லோகத்திலேயே இருக்கமாட்டார். கூப்பிட்டால் காதில் விழாது. குழம்பில் உப்புப் போட மறந்திருப்பேன், அதுகூடத் தெரியாமல் சாப்பிட்டுவிட்டு எழுந்து போவார். பதினைந்து வயசுப் பெண்ணுக்கு வேறென்ன தோன்றும்? அங்கே யாரோ ஒருத்தி இருக்கிறாள் என்று முடிவே கட்டிவிட்டேன். நானும் வருவேன் என்று அழுது அடம்பிடித்து ஒரு தடவை கூடப் போனேன். பிளாட்பாரத்தில் ஒரு பெஞ்சியில் என்னை உட்கார வைத்துவிட்டு, எஞ்சின் தண்ணீர் பிடிக்கிற தூண் பக்கத்தில் போய் நின்றுகொண்டார். வண்டி வந்தது, போனது. இன்னொன்று வந்தது, போனது. மூன்று மணி நேரம். என் கண்ணில் கரி விழுந்தது, ஊதி எடுக்க ஆளில்லை. சரி, ஒருத்தி இருக்கிறாள், கரேலென்று இருக்கிறாள், புகை விடுகிறாள், இவளோடு நான் என்னத்தைச் சண்டை போடுவது என்று அன்றைக்கே விட்டுவிட்டேன். அதற்கப்புறம் இருபத்தைந்து வருஷம் அந்த ஸ்டேஷன் பக்கம் நான் தலைவைத்துப் படுக்கவில்லை.

ரயிலில் ஏறவும் இல்லை. எனக்குப் பிறந்த வீடு திருவிடந்தை. வண்டி கட்டினால் அரைப் பொழுதில் போய்விடலாம். அதற்கு எதற்கு ரயில்?

இந்த நோய் வீட்டுக்குள் வந்தது என் மாமனார் பட்டாபிராமன் காலத்தில். அவரும் மடப்பள்ளிதான். வருஷா வருஷம் வைகாசியில் காஞ்சிபுரத்துக்குக் கருட சேவைக்கு நடந்தே போவாராம். போக இரண்டு நாள், வர இரண்டு நாள், காலெல்லாம் கொப்புளம். ஒரு வருஷம் கோயில் நிலத்து வழக்கில் சாட்சி சொல்லச் செங்கல்பட்டுக் கோர்ட்டுக்குப் போனவரை, வக்கீல் டிக்கெட் வாங்கிக் கொடுத்துக் காஞ்சிபுரம் வண்டியில் ஏற்றிவிட்டார். காலையில் சந்தியாவந்தனம் செங்கல்பட்டில், மத்தியானம் பெருமாள் சேவை காஞ்சிபுரத்தில். மனுஷர் வண்டியை விட்டு இறங்கினதும் பிளாட்பாரத்திலேயே அந்தப் பெட்டிக்கு ஒரு சாஷ்டாங்க நமஸ்காரம் பண்ணினாராம். சுற்றி இருந்தவர்கள் சிரித்திருக்கிறார்கள். பெருமாள் கருடன் மேல் வருகிறார், நான் ரயில் மேல் வந்தேன், இதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று கேட்டாராம். சாகிற வரைக்கும் ரயில் என்றால் அவருக்குப் பெருமாளிடம் போகிற பாதை. எஞ்சின் எந்தப் பக்கம் இருக்கும் என்றுகூட அவர் பார்த்தது கிடையாது.

இவருக்கு எஞ்சின் மட்டும்தான். ஏழு வயசில் அப்பாவோடு கருட சேவைக்குப் போனபோது காஞ்சிபுரம் ஸ்டேஷனில் காணாமல் போய்விட்டார். தேடிப் பார்த்தால் எஞ்சின் பக்கத்தில் வாயைத் திறந்துகொண்டு நிற்கிறார். ஃபயர்மேன் கதவைத் திறந்து உள்ளே கரி வீசியிருக்கிறான். அந்தச் சிவப்பைப் பார்த்துவிட்டு, "அப்பா, அடுப்பு!" என்றாராம். மடப்பள்ளியில் வளர்ந்த குழந்தை இல்லையா? புளியோதரைக்கு மூட்டுகிற கோட்டை அடுப்புதான் உலகத்திலேயே பெரியது என்று அதுவரை நினைத்திருந்தது. இங்கே ஓர் அடுப்பு இத்தனை ஜனத்தையும் தூக்கிக்கொண்டு ஓடுகிறது. அப்படிப் பிடித்ததுதான், விடவில்லை.

இன்றைக்கும் எஞ்சினைப் பற்றிப் பேசினால் சமையல் பேசுகிற மாதிரிதான் பேசுவார். தண்ணீர் பிடித்தால் உலை வைக்கிறார்கள் என்பார். இந்த ஃபயர்மேன் கரியை ஒரே இடத்தில் கொட்டுகிறான், தீ மூச்சு முட்டுகிறது, பரப்பிப் போட வேண்டாமோ என்பார். சமயத்தில் அந்த ஃபயர்மேனிடமே போய் யோசனை சொல்லிவிட்டு வருவார். அடி வாங்காமல் வந்தது பெருமாள் புண்ணியம்.

எங்களுக்கு ஒரே பெண், கோமளம். ஐந்து வயசிலிருந்து அவளையும் தோளில் தூக்கிக்கொண்டு செங்கல்பட்டுக்குப் போக ஆரம்பித்தார். இரண்டும் கரி பூசிக்கொண்டு வந்து வாசலில் நிற்கும். பெண்ணுக்கும் எஞ்சின் பைத்தியம் பிடித்துவிட்டது என்றுதான் நான் நினைத்தேன், தலையில் அடித்துக்கொண்டேன். மாப்பிள்ளை தேடினபோது பார்க்க வேண்டுமே கூத்தை. பையன் ஜானகிராமன், திருச்சிப் பொன்மலையில் ரயில்வே பட்டறையில் வேலை என்று தெரிந்ததும் இவர் ஜாதகத்தைப் பிரித்துக்கூடப் பார்த்தாரா என்பது எனக்குச் சந்தேகம். நல்ல வேளை, பையன் தங்கம்.

கல்யாணம் ஆகி ஒன்றரை வருஷம். ஐப்பசியில் கோமளத்துக்கு மூன்று மாசக் கர்ப்பம் கலைந்துபோயிற்று. அந்தச் சமயத்தில் எனக்கு டைஃபாய்டு. எழுந்து உட்கார முடியாமல் கிடந்தேன். பெற்ற பெண் அங்கே துடிக்கிறாள், நான் இங்கே கஞ்சி குடித்துக்கொண்டு படுத்திருக்கிறேன். அவள் முகத்தை ஒரு தடவை பார்த்துவிட்டால் போதும், கையைப் பிடித்துக்கொண்டு ஒரு வார்த்தை பேசிவிட்டால் போதும் என்று இருந்தது.

மார்கழி கடைசியில் கடிதம் வந்தது. மாப்பிள்ளைக்கு வடக்கே சித்தரஞ்சனில், எஞ்சின் செய்கிற தொழிற்சாலையில் வேலை. தை பிறந்து நாலாம் நாள் கிளம்புகிறார்கள். குறிப்பிட்ட தேதிக்குள் அங்கே போய்ச் சேர வேண்டும், அதனால் ஊருக்கு வர முடியாது. பட்டணம் வந்த அன்றே சென்ட்ரலில் கல்கத்தா மெயில். இனிமேல் மூன்று வருஷத்துக்கு இந்தப் பக்கம் வருவது சந்தேகம். கடைசியில் இப்படி எழுதியிருந்தாள்: 'விடிகாலையில் எங்கள் வண்டி செங்கல்பட்டில் பத்து நிமிஷம் நிற்கும். நேரம் எல்லாம் அப்பாவுக்குத் தெரியும். அந்தப் பத்து நிமிஷம் உன்னைப் பார்த்துவிட்டுப் போகிறேன் அம்மா.'

வண்டி நிற்கிற ஊரில் சொந்தக்காரர்கள் இருந்தால் சாப்பாடு கட்டிக்கொண்டு போய் ஜன்னல் வழியாகக் கொடுத்து, நாலு வார்த்தை பேசி அனுப்புவது எங்கள் பக்கத்தில் எல்லாரும் செய்கிறதுதான். நானும் இரண்டு நாள் தூங்காமல் செய்தேன். புளியோதரை, மிளகாய்ப்பொடி தடவின இட்லி, எள்ளுருண்டை, உடம்பு தேறுவதற்குச் சுக்கு லேகியம் ஒரு டப்பா. கூடை நிறைந்து கனத்தது. இவரோ ஒரே உற்சாகம். வாழ்க்கையில் முதல் தடவையாக இவருடைய ரயில் படிப்பு எனக்குத் தேவைப்பட்டிருக்கிறது, சும்மா இருப்பாரா? விழுப்புரத்தில் எஞ்சின் குடித்த தண்ணீர் செங்கல்பட்டு வரைக்கும்தான் காணும், அங்கே தொட்டி நிரம்பப் பத்து நிமிஷம் ஆகும், ஒரு நிமிஷம்கூடக் குறையாது என்றார். திருச்சியில் ஏறுகிறவர்களுக்கு எஞ்சினிலிருந்து மூன்றாவது பெட்டி, அது பிளாட்பாரத்தில் எந்த இடத்தில் நிற்கும் என்று அவருக்குத் தெரியுமாம். நான் நம்பினேன். கோமளமும் நம்பியிருந்தாள்.

முந்தின நாளே செங்கல்பட்டுக்கு வந்து, தெரிந்தவர் வீட்டில் தங்கி, விடியும்போது ஸ்டேஷனில் இருந்தோம். நல்ல பனி. பிளாட்பாரத்து விளக்குகள் எல்லாம் பஞ்சில் சுற்றி வைத்தது மாதிரி மங்கலாக இருந்தன. கொளவாய் ஏரிப் பக்கமிருந்து ஈரக்காற்று வந்தது, ஏதோ நீர்ப்பறவை விட்டு விட்டுக் கத்திக்கொண்டிருந்தது. தண்டவாளம் கொஞ்ச தூரம் தெரிந்து அப்புறம் பனிக்குள் போய்விட்டது. இருபத்தைந்து வருஷத்துக்கு முன்னால் எரிச்சலோடு உட்கார்ந்திருந்த அதே இடம்தான். அன்றைக்கு என்னவோ எனக்குக் கோபம் வரவில்லை. அந்தப் பனிக்குள்ளிருந்து என் பெண் வரப்போகிறாள்.

இவர் பிளாட்பாரத்தின் முன்கோடியில் காலால் ஒரு கோடு கிழித்து, "இந்த எடத்த விட்டு அசையாதே, உன் மூக்குக்கு நேரா ஜன்னல் வந்து நிக்கும்," என்றார். நீங்கள் எங்கே போகிறீர்கள் என்று கேட்டேன். டிரைவரிடம் பெண் இந்த வண்டியில் இருக்கிறாள், கொஞ்சம் நிதானமாகத் தண்ணீர் பிடியுங்கள் என்று சொல்லிவிட்டு உடனே வந்துவிடுகிறேன் என்று தண்ணீர்த் தூண் பக்கம் நடந்தார். பத்து நிமிஷத்தைப் பன்னிரண்டாக்கித் தரப் பார்த்திருக்கிறார், பாவம். அதற்காக அவரை நான் குறை சொல்ல மாட்டேன்.

வண்டி வந்தது. பனியைத் தள்ளிக்கொண்டு வந்த எஞ்சின் நான் பார்த்திருந்த மாதிரி இல்லை. உயரமாக, புதுசாக, பின்னால் பெரிய தொட்டியோடு இருந்தது. தண்ணீர்த் தூணைத் தாண்டிப் போய் நின்றது. மூன்றாவது பெட்டி என் மூக்குக்கு நேராகத்தான் வந்தது. உள்ளே எட்டிப் பார்த்தால் ஒரு முகமும் தெரிந்த முகம் இல்லை. தலைப்பாகையும் மூட்டையுமாக யார் யாரோ. பொங்கல் கூட்டத்துக்காக முன்னால் இரண்டு பெட்டி கூடுதலாகக் கோத்திருக்கிறார்கள் என்று அப்புறம் தெரிந்தது. "கோமளம்! கோமளம்!" என்று ஒவ்வொரு ஜன்னலாகக் கத்திக்கொண்டு பின்பக்கம் ஓடினேன்.

போர்ட்டர் ஆபிரகாம் எதிரில் வந்தார். இவருக்குப் பல வருஷப் பழக்கம். என்னைப் பார்த்துப் பதறிவிட்டார்.

"இன்னா மாமி இப்டி ஓடுறீங்க? இந்த இஞ்சினு தண்ணி புடிக்காது. புதுசு. ஒரு மாசமா ரெண்டே நிமிசந்தான் நிக்குது. சாமிக்குத் தெரியாதா? போர்டுல போட்டுக்கீதே."

எப்படித் தெரியும்? மார்கழி முப்பது நாளும் விடியலுக்கு முன்னால் பொங்கல் நைவேத்தியம், இவர் மடப்பள்ளியை விட்டு நகரவில்லை. அந்த ஒரு மாதம்தான் செங்கல்பட்டுக்கு வராமல் இருந்தார். அதில் எஞ்சினை மாற்றிவிட்டார்கள். மற்ற ஜனங்கள் மாதிரி போர்டைப் பார்க்கிறவராக இருந்தால் வந்ததும் தெரிந்திருக்கும். இவருக்குப் போர்டு எதற்கு? எஞ்சினின் தாகம் தெரிந்தவர் ஆயிற்றே! எனக்கு வந்த ஆத்திரத்தில் திரும்பி அவரைப் பார்த்தேன். கோடியில், அந்தப் புது எஞ்சினுக்குப் பக்கத்தில், தலையை அண்ணாந்துகொண்டு அசையாமல் நிற்கிறார். பெண் ஞாபகம், என் ஞாபகம், ஒன்றும் இல்லை.

பெண்கள் பெட்டி கடைசியில் இருக்கிறது, அங்கே பாருங்கள் என்று ஆபிரகாம் கையைக் காட்டினார். ஓடினேன். அதிலும் இல்லை. விசில் ஊதிவிட்டது. வண்டி அசைந்தது. அந்த நிமிஷம் எனக்கு என்ன ஆயிற்று என்று இன்றைக்கும் தெரியாது. மடிப் புடவை, நாற்பது வயசு, தலையில் அப்போதே நரை. கூடையை வாசல் வழியாக உள்ளே வீசிவிட்டுக் கம்பியைப் பிடித்தேன். கால் படியில் வைத்தது பாதி, வைக்காதது பாதி. உள்ளேயிருந்து ஒரு கை வந்து என் தோளைப் பிடித்து வாரி இழுத்துப் போட்டது.

"உசுரு மேல ஆசை இல்லியா மாமி?"

கருங்குழிக்காரி, பெயர் பாப்பா. பட்டணத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் ஆயா வேலை, பொங்கலுக்கு வந்துவிட்டுத் திரும்புகிறாளாம். கழுத்தில் ஒரு சிலுவை. வேறொரு நாளாக இருந்தால் அவள் தொட்டதற்கு நான் புடவையைச் சுருட்டிக்கொண்டு தள்ளி உட்கார்ந்திருப்பேன். அன்றைக்கு அவள் மடியிலேயே விழுந்து அழுதேன். பெண் இந்த வண்டியில்தான் இருக்கிறாள், எந்தப் பெட்டி என்று தெரியவில்லை, பார்க்காமலே போகப்போகிறாள் என்று திக்கித் திக்கிச் சொன்னேன். அவள் கேட்டுவிட்டுச் சிரித்தாள்.

"அதே வண்டியில தான கீது பொண்ணு? அப்புறம் இன்னாத்துக்கு அழுவுற? அத்த இஸ்துகினு போற இஞ்சினுதான் உன்னியும் இஸ்துகினு போவுது. தாம்பரத்துல எறங்கித் தேடிக்கலாம், கண்ணத் தொடச்சுக்க."

எனக்கு அப்போதுதான் அது உறைத்தது. எங்கேயோ முன்னால் கோமளம் உட்கார்ந்திருக்கிறாள், இங்கே நான். இரண்டு பேரும் ஒரே வண்டியில் இருக்கிறோம். என் காலுக்குக் கீழே தடக் தடக் என்று கேட்கிற சத்தம் அவளுக்கும் கேட்கிறது. எழுந்து வாசலுக்குப் போனேன். பாப்பா என் இடுப்பைச் சேர்த்துக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

வெளியே கொளவாய் ஏரி. விடிந்தும் விடியாமலும் தண்ணீரும் பனியும் ஒன்றாகக் கிடந்தன. எது தண்ணீர், எது ஆகாசம் என்று தெரியவில்லை. வெள்ளை வெளேரென்று பறவைகள் சில எழும்பின, அவற்றின் சத்தம் கேட்கவில்லை. எஞ்சின் விட்ட புகை ஏரி மேல் தாழ்ந்து படுத்து எங்களோடுகூடவே வந்தது. வண்டி ஏரியை ஒட்டி வளைந்தது. வளைய வளைய முன்னால் இருந்த பெட்டிகள் ஒவ்வொன்றாகக் கண்ணுக்குத் தெரிந்தன. அதில் ஒரு வாசலில், கம்பியைப் பிடித்துக்கொண்டு, பின்பக்கம் திரும்பிப் பார்த்தபடி பச்சைப் புடவையில் ஒருத்தி நின்றாள்.

அவள்தான். இளைத்துப் போயிருந்தாள். தலைமுடி காற்றில் அவிழ்ந்து முகமெல்லாம் பறந்தது. அவள் பார்த்தது ஸ்டேஷன் பக்கம், நான் அந்தப் பார்வையின் நடுவில் இருந்தேன். முதலில் அவளுக்குப் புரியவில்லை. நான் கையை ஆட்டினேன். அவள் வாய் திறந்தது, அம்மா என்றுதான் சொல்லியிருப்பாள், காற்று கொண்டுபோய்விட்டது. அப்புறம் இரண்டு பேரும் கையை ஆட்டவும் இல்லை, கூப்பிடவும் இல்லை. சும்மா பார்த்துக்கொண்டே போனோம். ஏரி எங்களுக்குப் பக்கத்தில் ஓடிக்கொண்டிருந்தது. என் கண்ணில் கரி விழுந்தது. கண்ணை மூடினால் அவள் போய்விடுவாள் என்று மூடாமல் நின்றேன். அந்த வளைவு எவ்வளவு நீளம் என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. முடியாமலே இருந்திருக்கலாம் என்றுதான் சொல்வேன். மாமனாருக்கு ஒரு வழக்கு, இவருக்கு ஓர் அடுப்பு. எனக்கு ரயில் பிடித்துப்போனது அந்த வளைவில்தான். சொன்னால் சிரிப்பீர்கள், பரவாயில்லை.

தாம்பரத்தில் வண்டி நின்றதும் பாப்பா கூடையைத் தூக்கிக்கொண்டு எனக்கு முன்னால் ஓடினாள். கோமளமும் எதிரே ஓடி வந்தாள். நான் அவள் பெட்டியில் ஏறிக்கொண்டேன். பாப்பாவுக்கு எள்ளுருண்டை ஒரு பொட்டலம் கொடுத்தேன், அவள் கையைப் பிடித்துத்தான் கொடுத்தேன். டிக்கெட் இல்லாமல் ஏறின மாமியாரைப் பார்த்து மாப்பிள்ளைக்குச் சிரிப்பு தாங்கவில்லை. மனுஷர் செங்கல்பட்டில் மேல் பலகையில் தூங்கிக்கொண்டிருந்தாராம், நல்ல ஆள்தான். எழும்பூர் வரைக்கும் கோமளத்தின் கையை நான் விடவில்லை. ஐப்பசியில் நடந்ததை அவள் சொன்னாள். இரண்டு பேரும் அழுதோம். அழுது முடித்து இட்லி சாப்பிட்டோம்.

அவளும் அப்பாவின் பத்து நிமிஷத்தை நம்பித்தான் ஏமாந்திருக்கிறாள். இரவெல்லாம் கரி படிந்த முகத்தோடு அம்மா முன்னால் நிற்க வேண்டாம் என்று, செங்கல்பட்டு வந்ததும் முகம் கழுவப் போயிருக்கிறாள். நான் அவள் ஜன்னலைத் தாண்டிக் கத்திக்கொண்டு ஓடினது அப்போதுதான். வெளியே வந்தால் வண்டி நகர்கிறது. வாசலுக்கு ஓடியிருக்கிறாள்.

"அப்பாவைப் பாத்தேம்மா," என்றாள். "கோடியில நின்னுண்டிருந்தார். கை நீட்டினா தோளைத் தொட்டிருப்பேன்."

"கூப்பிடறதுக்கென்னடி?"

அவள் தலைமுடியைக் கோதி முடிந்துகொண்டே சொன்னாள்.

"சின்ன வயசுல நான் எஞ்சினைப் பாக்கவே மாட்டேம்மா. அப்பா முகத்தைத்தான் பாப்பேன். ஆத்துல அவருக்கு அப்படி ஒரு முகம் கிடையவே கிடையாது. அதைப் பாக்கத்தான் மாசாமாசம் கூடப் போவேன். இன்னிக்கும் அதே முகம். கூப்பிட்டா போயிடுமேன்னு தோணித்து. கண்ணுக்குத் தெரியற வரைக்கும் பாத்துண்டே வந்தேன்."

நான் எஞ்சின் பைத்தியம் என்று நினைத்திருந்த பெண்ணுக்கு இதுதான் பைத்தியம். இருபது வருஷமாக ஒரே வீட்டில் இருந்தும் எனக்குத் தெரியவில்லை.

எழும்பூரில் அவர்களை அனுப்பிவிட்டு, மாப்பிள்ளை வாங்கிக் கொடுத்த டிக்கெட்டோடு மத்தியானப் பாசஞ்சரில் திரும்பினேன். இவர் அங்கேயே இருப்பார் என்று தெரியும். நான் வண்டியில் தொற்றி ஏறினதை ஆபிரகாம் சொல்லியிருப்பார். வழியெல்லாம் இவரைத் திட்டுவதற்கு ஒவ்வொரு வார்த்தையாகச் சேர்த்து வைத்துக்கொண்டே வந்தேன். பெற்ற பெண் முக்கியமா, இரும்பு முக்கியமா? ஒரு போர்டைப் படிக்கத் தெரியாதா? அவள் உங்களைத் தொடுகிற தூரத்தில் போனாளே, தலையைத் திருப்பக் கூடாதா? செங்கல்பட்டு வந்தபோது ஒரு வண்டி நிறையத் திட்டு இருந்தது.

தண்ணீர்த் தூணுக்குக் கீழே தரையில் உட்கார்ந்திருந்தார். காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை என்று ஆபிரகாம் சொன்னார். என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்தார், கால் மரத்துப்போய் மறுபடியும் உட்கார்ந்துவிட்டார்.

"கொழந்தையப் பாத்தியா?"

"பாத்தேன். எழும்பூர் வரைக்கும் கூடவே போனேன்."

"எப்படி இருக்கா?"

"எளைச்சிருக்கா. ஆனா நன்னா இருக்கா."

தலையை ஆட்டிக்கொண்டார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். மடப்பள்ளிப் புகையில் வெந்த கண், எப்போதுமே கொஞ்சம் சிவந்துதான் இருக்கும்.

"என்னைப் பத்திக் கேட்டாளா?"

"கேப்பானேன்? அவதான் உங்களைப் பாத்தாளே," என்றேன். திட்டாகத்தான் ஆரம்பித்தேன். "பச்சைப் பொடவை கட்டிண்டு வாசல்லயே நின்னுண்டிருந்தா. உங்களைத் தாண்டித்தான் போனா. திரும்பி உங்க முகத்தையே பாத்துண்டு போனாளாம்."

நான் அடுத்த வார்த்தையை எடுப்பதற்குள் இவர் மெதுவாகக் கேட்டார்.

"பச்சைப் பொடவையா?"

"ஆமாம்."

"பாத்தேன்டி," என்றார். குரல் எங்கேயோ இருந்து வந்தது. "வாசல்ல சாஞ்சுண்டு ஒரு பொண்ணு போனா. முகமெல்லாம் தலைமுடி. அப்படி ஒரு சிரிப்பு. யார் பெத்த பொண்ணோ, ரயில்னா இவளுக்கு இத்தனை ஆசையான்னு நெனச்சுண்டேன்."

"நாம பெத்ததுதான்," என்றேன்.

பக்கத்தில் உட்கார்ந்தேன். இவர் மேல்துண்டை வாயில் அழுத்திக்கொண்டு குலுங்கினார். காஞ்சிபுரம் வண்டி வந்தது, எங்களுக்கு நேராகவே எஞ்சினை நிறுத்தினார்கள். மேலே தூணிலிருந்து தண்ணீர் கொட்டுகிற சத்தம் கேட்டது. இவர் தலையை நிமிர்த்தவே இல்லை. நான்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.